தோழி மாத்திரை கேட்டால்?

இரண்டாம் ஆண்டு நர்சிங் மாணவி ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் என்னிடம்தான் வருகிறார்கள். தெரியாது என்றால் திமிர் என்கிறார்கள். சொல்லவும் பயமாக இருக்கிறது."

அந்தப் பயம் நல்லதம்மா, அதை விட்டுவிடாதே. வார்டில் நீ ஒரு மாத்திரை கொடுக்கும்போது டாக்டர் எழுதிய ஆர்டர் இருக்கிறது, கேஸ் ஷீட் இருக்கிறது, கூட நின்று சரிபார்க்க சீனியர் சிஸ்டர் இருக்கிறார். "தலைவலிக்கு என்னடி போடலாம்?" என்று போனில் வரும் கேள்வியில் இதில் ஒன்றுகூட இல்லை.

பாரசிட்டமால்தானே என்று தோன்றும். ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. 500 மில்லிகிராம் மாத்திரையில் எட்டு. சளிக்கு விற்கும் கலவை மாத்திரைகள் பலவற்றிலும் அதே மருந்து இருக்கிறது. உன் தோழி அதை ஏற்கெனவே போட்டிருந்தால், நீ சொல்வது இரண்டாவது டோஸ். அளவு மீறினால் அடிபடுவது கல்லீரல். இபுபுரூஃபன் என்ற வலி மாத்திரை என்றால் அல்சர், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் எல்லாம் கேட்க வேண்டியிருக்கும்.

அதற்காகக் கதவைச் சாத்த வேண்டாம். "நான் இன்னும் படிக்கிறேன், மருந்து நான் சொல்லக் கூடாது. ஆனால் உட்கார், கேட்கிறேன்" என்று சொல். எப்போது ஆரம்பித்தது, இதுவரை என்ன போட்டாள், அலர்ஜி உண்டா, வேறு நோய் உண்டா என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக் கொடு. டாக்டரிடம் அவள் அதைக் காட்டட்டும். ஹிஸ்டரி எடுப்பது நீ தினமும் பழகும் வேலைதானே. இப்படிச் செய்தால் யாரும் திமிர் என்று சொல்லமாட்டார்கள். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நீட்டினால் கிரியேட்டினின் என்றால் என்ன (சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவுப்பொருள்) என்று விளக்கலாம். "ஒன்றுமில்லை, நார்மல்தான்" என்று மட்டும் சொல்லிவிடாதே.

சில நேரங்களில் தயங்கவே கூடாது. முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தொய்வது, பேச்சு குழறுவது, வியர்வையோடு நெஞ்சுவலி என்றால் உடனே ஆம்புலன்ஸுக்குச் சொல். பக்கவாத அறிகுறி தொடங்கிய நேரத்தையும் குறித்துக்கொள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

"தூக்க மாத்திரை எத்தனை போடலாம்?" என்று யாராவது கேட்டால் அதை மருந்துக் கேள்வியாக எடுத்துக்கொள்ளாதே. பக்கத்தில் உட்கார். உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தனியாக விடாமல், பொறுப்பான பெரியவர் ஒருவரைக் கூப்பிடு. யாரிடமும் சொல்லாதே என்று அவள் கெஞ்சினாலும் இந்த ஒரு விஷயத்தில் சொல்லத்தான் வேண்டும். மற்றபடி தோழி சொன்ன உடல்நலச் செய்தி உன்னோடு இருக்கட்டும். சர்வதேச செவிலியர் கவுன்சில் 1953-இல் ஏற்ற நெறிக்கோவையிலேயே ரகசியம் காப்பது இருக்கிறது.

மீந்துபோன ஆன்டிபயாடிக்கை நேற்று ஒருத்திக்குக் கொடுத்ததாக எழுதியிருக்கிறாய். இதைப் படித்ததும் அவளிடம் போ. தடிப்போ வயிற்றுப்போக்கோ இருக்கிறதா என்று கேள். மூச்சுத்திணறலோ முகவீக்கமோ இருந்தால் அவசரப் பிரிவுக்கே கூட்டிப் போ. எதுவும் இல்லையென்றாலும், மருந்தின் பெயரோடு அவளை இன்றே டாக்டரிடம் அனுப்பு. உன் டியூட்டரிடம் நீயே சொல்லிவிடு.