காய்ந்த அருவியும் மகளின் குளமும்

கேள்வி: 2007-இல், கல்யாணமான புதிதில், நானும் கணவரும் அரிசோனாவில் உள்ள ஹவாசு ஓடைக்கு நடந்து போனோம். நவாஹோ அருவிக்குக் கீழே, குளிர்ந்தும் குளிராத அந்தத் தண்ணீரில் ஒரு மத்தியானம் முழுக்கக் கிடந்தோம். இந்த ஏப்ரலில் 14 வயது மகளோடு போனேன். அருவி இருந்த இடத்தில் காய்ந்த பாறைதான் இருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். ‘இதுக்குத்தான் நான் வரலைன்னேன், இருந்த ஞாபகமும் போச்சா?’ என்கிறார் கணவர். மகளோ அடுத்த வருஷமும் போகலாம் என்கிறாள். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: அழுததில் தப்பே இல்லை, சகோதரி. 15 கிலோமீட்டர் போல வெயிலில் நடந்து போனது அந்த ஒரு இடத்துக்காகத்தானே.

ஆனால் ஓடை வற்றிப்போகவில்லை. 2008 ஆகஸ்டில் மேலே கொட்டிய மழையோடு மண் அணை ஒன்றும் உடைந்து, வந்த வெள்ளம் ஓடையைப் புதுப் பாதையில் திருப்பிவிட்டது. நவாஹோ அருவியைத் தொடாமல் பக்கத்திலேயே மண்ணை அரித்துக்கொண்டு தண்ணீர் இறங்க, அங்கே இரண்டு புது அருவிகள் உண்டாயின. உங்கள் கடிதத்தில் அவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மகள் மறுபடி கேட்பது அந்த அருவிகளுக்குக் கீழே உள்ள குளங்களுக்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஓடையை நானும் பார்த்திருக்கிறேன். தண்ணீருக்குள் கிடந்த ஒரு குச்சியை எடுத்தேன். சுண்ணாம்பு பூசியது போல வெளிறி, சொரசொரவென்று இருந்தது. உடைந்த முனையில் மட்டும் பழுப்பு மரம் தெரிந்தது. சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து வரும் ஊற்று நீர் அது. குதித்து விழும்போது அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பிரிந்து போய்விட, கரைந்திருந்த சுண்ணாம்பு வேர், இலை, குச்சி என்று கிடைத்ததன்மேல் படிந்து இறுகுகிறது. குளத்தின் வரப்புகள் அப்படித்தான் எழும்புகின்றன. 2007-இல் நீங்கள் சாய்ந்து உட்கார்ந்த வரப்பும் அதற்கு முந்தைய ஏதோ ஒரு வெள்ளத்துக்குப் பின் எழும்பியதாக இருக்கலாம். 1910 ஜனவரி வெள்ளம் ஓடைக்கரையில் உள்ள சுப்பாய் ஊரையே அடித்துக்கொண்டு போனது. அந்த ஊரின் பழங்குடிகளான ஹவாசுபாய் மக்கள் ஊரைத் திரும்பக் கட்டி அங்கேயே இருக்கிறார்கள். ‘நீலப்பச்சைத் தண்ணீரின் மக்கள்’ என்பதுதான் அவர்கள் பெயருக்கே அர்த்தம்.

உங்கள் கணவர் ஞாபகத்தைப் பத்திரப்படுத்தப் பார்க்கிறார். அது அவருடைய பிரியம், வற்புறுத்தி இழுத்துப் போக வேண்டாம். ஆனால் ஞாபகம் போய்விட்டது என்கிறாரே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தண்ணீர் ‘குளிர்ந்தும் குளிராமல்’ இருந்ததைக்கூட, அழுது திரும்பிய பிறகும் எழுதியிருக்கிறீர்களே! ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பழைய போட்டோக்களை எடுத்து, மகள் இந்த ஏப்ரலில் எடுத்தவற்றையும் பக்கத்தில் வைத்து, மூன்று பேருமாகப் பாருங்கள். அவர் மனசு மாறினாலும் மாறும்.

சரி, போங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை மட்டும் வேண்டாம், அது அங்கே மழைக்காலம். 2024 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஓர் உயிர் போயிருக்கிறது. அனுமதிச்சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும், இப்போதே விசாரித்து வையுங்கள். இந்த முறை மகள் முன்னால் நடக்கட்டும். எந்தக் குளத்தில் இறங்குவது என்று அவளே சொல்லட்டும். காய்ந்த பாறையைப் பார்த்தே ஆக வேண்டும் என்றிருந்தால், திரும்பும் வழியில் ஒரு பத்து நிமிஷம் நின்றுவிட்டு வாருங்கள்.