வீடியோ எடுத்தது தப்பில்லை, குரூப்பில் போட்டதுதான் வினை

கேள்வி: தண்டையார்பேட்டையில் 48 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் எனக்குச் சொந்த வீடு இருக்கிறது. எங்கள் அசோசியேஷன் பதிவு பெற்ற சங்கம். இரண்டு வருடமாகக் கணக்கு காட்டவில்லை. கடைசி ஜெனரல் பாடி கூட்டத்தில் லாரித் தண்ணீர் பில்லைக் கேட்டதற்கு, செகரட்டரி எல்லார் முன்னாலும் என்னை ஒருமையில் பேசினார். மொபைலில் வீடியோ எடுத்தேன். போனைப் பிடுங்க வந்தார்கள். அதில் ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டி, ‘கொள்ளைக் கும்பல்’ என்று எழுதி வாட்ஸ்அப் குரூப்பிலும் ஃபேஸ்புக்கிலும் போட்டேன். இப்போது பத்து லட்சம் நஷ்டஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. வீடியோவில் தெரியும் ட்ரஷரரின் மனைவியும் போலீஸில் புகார் கொடுத்திருக்கிறார். வீடியோ எடுக்கக் கூடாது என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டா? போனைப் பிடுங்க வந்ததற்கு நான் கேஸ் போடலாமா?

பதில்: செகரட்டரி ஒருமையில் பேசியதையும் போனுக்குக் கை நீட்டியதையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். மனசு வலிக்கும், தெரிகிறது. ஆனால் அதை வைத்து நீங்கள் ஜெயிக்கப் போவதில்லை. போன் உங்கள் கையில்தான் இருக்கிறது, அடியும் படவில்லை.

வீடியோ எடுக்கலாமா என்பதற்குப் பதில் சுருக்கமானது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இலும் சரி, தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022-இலும் சரி, உறுப்பினர் தன் சங்கக் கூட்டத்தை வீடியோ எடுக்கக் கூடாது என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. உங்கள் பைலாவில், அதாவது சங்கத்தின் சொந்த விதிகளில், தடை இருக்கிறதா, ஜெனரல் பாடி தீர்மானம் போட்டு மினிட்ஸ் புக்கில் ஏறியிருக்கிறதா, இந்த இரண்டைத்தான் பார்க்க வேண்டும். இருந்தால் அது உங்களைக் கட்டுப்படுத்தும். செகரட்டரி எழுந்து நின்று வாயால் ‘எடுக்காதே’ என்று சொல்வது தடை ஆகாது. தடையை மீறி எடுத்தாலும் அது சங்க விதியை மீறியதுதான், குற்றம் அல்ல. நோட்டீஸில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பிரிவைக் காட்டியிருந்தால் பயப்படாதீர்கள். அது அந்தரங்க உறுப்புகளைப் படமெடுப்பதற்கானது.

சட்டத்தின் பார்வையில் உங்கள் விஷயத்தில் எடைபோட வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்த ஒரு நிமிடத்தை வெட்டி, அதன் மேல் ‘கொள்ளைக் கும்பல்’ என்று எழுதி நாலு பேர் பார்க்கப் போட்டது. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் அவதூறுக்கு இரண்டு வருடம் வரை தண்டனை உண்டு. கொள்ளை என்று எழுதிவிட்டால், பணம் திருடு போனதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். கணக்கையே பார்க்காத நீங்கள் எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்? இதே குற்றச்சாட்டை நிதானமான வார்த்தைகளில், நல்லெண்ணத்தோடு, சங்கங்களைப் பதிவு செய்யும் மாவட்டப் பதிவாளருக்கு மனுவாகக் கொடுத்திருந்தால் அதே 356-இல் உள்ள விதிவிலக்கு உங்களைக் காப்பாற்றியிருக்கும். ஃபேஸ்புக்குக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

அதைவிட எனக்குக் கவலை தருவது அந்த அம்மாவின் புகார். அவதூறுக்கு அவர்கள் கோர்ட்டில் தனிப் புகார்தான் போட முடியும், போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது. ஆனால் பெண்ணின் கண்ணியத்துக்கு இழுக்கு என்று அதே சட்டத்தின் 79-வது பிரிவில் எழுதிக் கொடுத்தால் எஃப்.ஐ.ஆர். போடலாம். உங்களுக்கு அந்த நோக்கமே இல்லை, வழக்கு நிற்காமல் போகலாம். ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஸ்டேஷனுக்கும் ஜார்ஜ் டவுன் கோர்ட்டுக்கும் வருடக்கணக்கில் அலைவீர்கள். தண்ணீர் பில்லைக் கேட்கப் போனவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பதும், கணக்குக் காட்டாதவர் சாட்சிக் கூண்டில் நிற்பதும் நான் பார்க்காத காட்சி அல்ல. உங்கள் கிளிப்பில் அந்த அம்மா என்ன செய்கிறார், அழுகிறாரா, சத்தம் போடுகிறாரா, அவர் முகத்துக்கு எவ்வளவு கிட்டத்தில் போனைக் கொண்டுபோனீர்கள் என்பதை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். இன்ஸ்பெக்டர் முதலில் பார்க்கப் போவது அதைத்தான்.

அடுத்த குழியும் இங்கேதான் இருக்கிறது. முழு வீடியோ இன்னும் அந்தப் போனிலேயே இருக்கிறதா? வழக்குக்காக என்னிடம் வந்த ஒருவர் போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு, வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பி வைத்திருந்த காப்பியைக் கொண்டுவந்தார். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கிவிடும், ஃபைலின் ஹாஷ் மதிப்பும், அதாவது அதன் டிஜிட்டல் கைரேகை போன்ற எண்ணும், மாறிவிடும். சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம், 2023-இன் 63-வது பிரிவுச் சான்றிதழில் அந்த மதிப்பை எழுத வேண்டும், நிபுணரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரிஜினல் இல்லாமல் வெட்டிய துண்டு மட்டும் இருந்தால், ‘முன்னும் பின்னும் எங்கே?’ என்ற ஒரே கேள்வியில் எதிர்த்தரப்பு அதை உதறிவிடும். கூட்டம் முழுவதும் ஓடிய வீடியோவாக இருந்தால் அதே பதிவு உங்கள் பக்கம் பேசலாம். அதனால் போனை ரீசெட் செய்யாதீர்கள், விற்காதீர்கள், அந்த ஃபைலை எடிட் செய்யாதீர்கள்.

என் யோசனை உங்களுக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன்: சமாதானமாகப் போங்கள். முதலில் பதிவு போட்ட பக்கத்தைத் தேதி தெரிய ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, குரூப்பிலிருந்தும் ஃபேஸ்புக்கிலிருந்தும் நீக்குங்கள். அந்த வார்த்தைக்கு வருத்தம் தெரிவித்து வக்கீல் மூலம் ஒரு கடிதம் போகட்டும். குற்றத்தை ஒப்புக்கொள்கிற வாசகம் ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது. பதிலுக்கு அவர்கள் நோட்டீஸையும் புகாரையும் திரும்பப் பெற வேண்டும், இரண்டு வருட ரசீது, பில், வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் குறிப்பிட்ட தேதிக்குள் உங்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். இதை எழுத்தில் வாங்குங்கள். எதிர்த்தரப்புக்கும் கோர்ட் வாசல் ஏற ஆசை இருக்காது, கணக்கு வெளியே வருமே.

அதற்கும் மசியாவிட்டால் வீடியோவை நம்பாதீர்கள், கையெழுத்தை நம்புங்கள். 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36-வது பிரிவில், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் கேட்டால் பதிவாளர் சங்கத்தின் நிதி நிலை குறித்து விசாரணை நடத்தலாம். வீட்டுக்கு ஓர் உறுப்பினர் என்று கொண்டால் 48-க்குப் பதினாறு பேர். மாடிமாடியாக ஏறி அந்தப் பதினாறு கையெழுத்தை வாங்கி வடசென்னை மாவட்டப் பதிவாளரிடம் கொடுங்கள்.

ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள், போனை வாயால் கேட்டதும் கொடுத்துவிடாதீர்கள். எழுத்துப்பூர்வமாகக் கேட்கச் சொல்லி, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். நோட்டீஸில் சொன்ன கெடு முடிவதற்குள் பதில் ஸ்பீட் போஸ்ட்டில் போயிருக்க வேண்டும்.