ஹாஸ்டல் மேசைக்கு ஃபைட்டர் மீன் தொட்டி

20 லிட்டர் தொட்டி, மூடியோடு வாங்குங்கள். ஒன்றரை அடி நீளம், முக்கால் அடி அகலம், உயரமும் அதே அளவு இருந்தால் மேசை ஓரத்தில் அடங்கிவிடும். தண்ணீர் மட்டுமே 20 கிலோ, அதனால் ஆடுகிற மடக்கு மேசை வேண்டாம்.

இப்போது இருக்கும் 2 லிட்டர் உருண்டை ஜாடியில் மீன் துடுப்பைச் சுருக்கி அடியிலேயே கிடக்கிறது என்றால், பெரும்பாலும் அம்மோனியாதான். மிஞ்சிய தீனியும் கழிவும் அத்தனை கொஞ்சம் தண்ணீரில் சீக்கிரமே விஷமாகிவிடும்.

சோதிக்க, இன்று மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து கட்டாயம். மெஸ்ஸில் இருக்கும் ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், அதில் தாது உப்பு மிகக் குறைவு. ஓரிரு நாளில் துடுப்பை விரித்து மேலே வந்தால் கெட்ட தண்ணீர்தான் காரணமாக இருந்திருக்கும்.

ஹீட்டர் மதுரைக்கு அநேகமாகத் தேவைப்படாது, 24 முதல் 28 டிகிரி போதும்; சித்திரை வெயிலில் மேற்கு ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள், அவ்வளவுதான். கரண்ட் போய் ஃபில்டர் நின்றாலும் பயப்பட வேண்டாம், இது மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன். அதற்காகவே மூடிக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.

ஆனால் உடம்பில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி இருந்தால் அது வேறு நோய், தொட்டியை மாற்றினால் மட்டும் போகாது.