உண்ணி மாத்திரை கொடுத்தால் நாயின் ரத்தமே விஷமாகிவிடாதா?

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மருத்துவர் நாய்க்கு மாதம் ஒரு உண்ணி மாத்திரை எழுதியிருக்கிறார், அது ரத்தத்தில் கலந்துதான் உண்ணியைக் கொல்லுமாம், அப்படியென்றால் நாய்க்கு ஒன்றும் ஆகாதா, அதில் பாதியை உடைத்து வீட்டுப் பூனைக்குக் கொடுக்கலாமா, பூச்சி மாத்திரை வேறு தனியாகக் கொடுக்க வேண்டுமா என்று.

கடைசி இரண்டுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், பாதியில் போகிறவர்கள் இதையாவது படித்துவிட்டுப் போகட்டும். பூனைக்கு உடைத்துக் கொடுக்காதீர்கள். பூச்சி மாத்திரை பெரும்பாலும் தனியாகத்தான் கொடுக்க வேண்டும்.

நான் டாக்டர் இல்லை. காரைக்குடியில் ஒரு கால்நடை மருந்துக் கடையில் கவுண்டரில் நிற்கிறவன். உங்கள் கேள்வியை வாரத்துக்கு நாலு பேராவது ஏதோ ஒரு வடிவத்தில் கேட்டுவிடுகிறார்கள், அதனால் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அந்தப் பொடி எழுத்துக் காகிதத்தையெல்லாம் படித்து வைக்க வேண்டியதாகிவிட்டது.

விஷமா என்றால், விஷம்தான். உண்ணி மருந்து, தெள்ளுப்பூச்சி மருந்து, குடற்புழு மருந்து எல்லாமே ஏதோ ஓர் உயிரைக் கொல்லத்தான் செய்திருக்கிறார்கள். அந்த உயிரின் உடம்பில் ஏதாவது ஓர் இடம் நாயின் உடம்பில் உள்ளதிலிருந்து வேறுபட்டிருக்கும், அந்த இடத்தைப் பார்த்து அடிக்கிற மாதிரி மருந்தைத் தேடிப் பிடிப்பார்கள். வேறுபாடு எவ்வளவு பெரிதோ அவ்வளவு பயமில்லாமல் கொடுக்கலாம். நாய்க்கும் பூனைக்கும் நடுவிலும் இப்படி வேறுபாடு இருக்கிறது என்பதைத்தான் நம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் மாத்திரையையே எடுத்துக்கொள்வோம். இப்போது கடைக்கு வருகிற மெல்லும் மாத்திரைகள், நெக்ஸ்கார்ட், பிராவெக்டோ, சிம்பாரிக்கா, எல்லாமே ஒரே குடும்பம், ஐசாக்சசோலின் என்று பெயர். நரம்பு ஒரு தடவை துடித்தால் அது அடங்குவதற்கும் ஒரு வழி வேண்டுமல்லவா, நரம்புச் செல்லில் குளோரைடு உள்ளே நுழைகிற சின்ன வாசல்கள் இருக்கின்றன, அவை திறந்தால்தான் துடிப்பு அடங்கும். இந்த மருந்து உண்ணியிடமும் தெள்ளுப்பூச்சியிடமும் அந்த வாசலை அடைத்துவிடுகிறது. அடங்க வழியில்லாமல் நரம்பு துடித்துக்கொண்டே இருந்து, கால்கள் இழுத்து, உண்ணி செத்துப்போகிறது. நாய்க்கும் இதே மாதிரி வாசல் உண்டு, ஆனால் அமைப்பில் வித்தியாசம் இருப்பதால் நாம் கொடுக்கிற அளவில் மருந்து அதில் சரியாக ஒட்டுவதில்லை. ஒட்டவே ஒட்டாது என்று சொல்ல மாட்டேன். 2018-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்தக் குடும்பத்து மருந்துகளால் சில நாய்களுக்கும் பூனைகளுக்கும் நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரலாம் என்று எச்சரிக்கை வெளியிட்டது. உங்கள் நாய்க்கு முன்னால் எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அவராகக் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம்.

இதில் இன்னொன்று. மருந்து ரத்தத்தில் இருப்பதால் உண்ணி கடித்து உறிஞ்சினால்தான் சாகும். "மாத்திரை கொடுத்தும் உண்ணி ஏறுதே" என்று சண்டைக்கு வருகிறார்கள். ஏறத்தான் செய்யும். ஏறி, கடித்து, ஒன்றிரண்டு நாளில் செத்து விழும்.

புழுவுக்கும் சொறிக்கும் கொடுக்கும் ஐவர்மெக்டின் மருந்தின் கதை இதற்கு நேர் எதிர். அதே மாதிரி குளோரைடு வாசல்தான், ஆனால் அடைப்பதற்குப் பதில் திறந்து வைத்துவிடும். வாசல் மூடாமல் கிடந்தால் நரம்பு எழவே எழாது, புழு அப்படியே முடங்கிவிடும். ஜப்பானில் இட்டோ நகரத்துக்குப் பக்கத்தில் கவானாவில் எடுத்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்தது இது. அந்த மண்ணை எடுத்த சதோஷி ஓமுராவுக்கும், அதில் புழுவைக் கொல்லும் பொருள் இருப்பதைக் கண்ட வில்லியம் கேம்ப்பெலுக்கும் 2015-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். மனிதர்களுக்கு வருவதற்கு முன்பே, 1981-இல், கால்நடை மருந்தாகத்தான் சந்தைக்கு வந்தது.

ஐவர்மெக்டின் குறிவைக்கிற வாசல், அதாவது குளூட்டமேட்டுக்குத் திறக்கும் குளோரைடு வாசல், பாலூட்டிகளிடம் கிடையவே கிடையாது. ஆனால் நாயின் மூளையில் இருக்கும் வேறு வாசல்களை அளவு கூடினால் இந்த மருந்து தொடும். அப்படி மூளைக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ள ரத்தக் குழாயின் சுவரில் பி-கிளைகோபுரதம் என்று ஒன்று இருக்கிறது, கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் வீட்டு வாட்ச்மேன் மாதிரி, உள்ளே நுழைகிறவனை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் மாதிரி சில மேய்ச்சல் இன நாய்களில் பலவற்றுக்கு எம்டிஆர்1 என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால் இது வேலை செய்யாது, மருந்து நேராக மூளைக்குள் போய்விடும். தள்ளாடும், கண் தெரியாமல் போகும், கோமா வரை போகலாம்.

"நம்ம ஊர்ல யார் கோலி வளர்க்கிறா" என்று கேட்பீர்கள். சரி, கோலி இல்லை. ஆனால் மாட்டு ஊசி இருக்கிறதே! மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் மருந்து, 50 கிலோ எடைக்கு ஒரு மில்லி கணக்கு. இதயப்புழு வராமல் தடுக்க நாய்க்கு வேண்டியது கிலோவுக்கு 6 மைக்ரோகிராம்தான். 10 கிலோ நாய்க்கு 60 மைக்ரோகிராம், அந்தப் பாட்டிலில் அது ஒரு சொட்டுக்கும் கீழே. சொறிக்கு டாக்டர்கள் இதைவிடப் பல மடங்கு கூட்டிப் போடுவார்கள், அது அவர்கள் நாயைப் பார்த்து, எடை போட்டு முடிவு செய்வது. மாட்டுக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறது, ஒரு மில்லி நாய்க்கும் ஏற்றிவிடுவோம் என்று கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே கோபம் வரும். அதிலும் அவர்கள் போடுவது உண்ணிக்காக! சொறிப் பூச்சிக்கு அது கேட்கும், உண்ணிக்கு அதை நம்பி இருக்க முடியாது.

அப்புறம் பூனை. பாதி மாத்திரையால் பூனை செத்துவிடும் என்று பயமுறுத்த வரவில்லை. ஐசாக்சசோலின் குடும்பத்திலேயே பூனைக்கென்று வரும் மருந்து தனியாக உண்டு, அதன் அளவு வேறு, வடிவம் வேறு, சில கழுத்தில் ஊற்றுகிற சொட்டு மருந்து. அதைக் கேட்டு வாங்குங்கள். உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நாய்க்கு விற்கும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும், மாட்டு உண்ணிக்குத் தண்ணீரில் கலந்து தெளிக்கும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் எல்லாம் அதன் பங்காளிகள். இவை நரம்பில் சோடியம் நுழையும் வாசலை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். நாயின் கல்லீரல் இதைச் சீக்கிரமே உடைத்து வெளியே தள்ளிவிடும், பூனையின் கல்லீரலுக்கு அந்த வேலைக்கு வேண்டிய ஒரு வழி மிகவும் பலவீனம், குளுக்குரோனிக் அமிலத்தோடு சேர்த்துக் கழிக்கிற வழி. அதனால் மருந்து உடம்பிலேயே தங்கிவிடும். காது துடிப்பது, தோல் சிலிர்ப்பது, நடுக்கம், பிறகு வலிப்பு. இதில் பூனைக்கு ஊற்ற வேண்டும் என்றுகூட இல்லை, மருந்து போட்ட நாயோடு ஒரே சாக்கில் சுருண்டு படுத்தாலே போதும். அப்படி மருந்து போட்டால் இரண்டு மூன்று நாள் இரண்டையும் பிரித்து வையுங்கள். தவறிப் பட்டுவிட்டால் பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிவிட்டு உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள், நடுக்கம் வருகிறதா பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். மாட்டுக்கும் நாய்க்கும் தெளிக்கிற அமிட்ராஸும் பூனைக்கு ஆகாது. ஃபிப்ரோனில் சொட்டு மருந்து பூனைக்கு ஆகும், பூனை அளவில் வருவதாக இருந்தால். அது ரத்தத்துக்குப் பெரிதாகப் போவதில்லை, தோலின் எண்ணெயோடு சேர்ந்து உடம்பெல்லாம் பரவி எண்ணெய்ச் சுரப்பிகளில் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அதனால்தான் ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டாதே என்று சொல்வது, எண்ணெயைக் கழுவிவிட்டால் மருந்து எங்கே போய் ஒட்டும்?

இங்கே வீட்டைப் பற்றியும் பேச வேண்டும். நம் பக்கத்து நாய்களில் இருக்கும் பழுப்பு உண்ணி, பெரும்பாலான நேரம் நாயின் மேல் இருப்பதே இல்லை. முட்டையிலிருந்து வந்த குஞ்சு ஒரு தடவை ஏறிக் குடிக்கும், இறங்கிப் போய்ச் சட்டை உரிக்கும், மறுபடி ஏறும், மறுபடி இறங்கும், பெரிதானதும் கடைசியாக ஒரு தடவை. குடித்து முடித்த பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை போட்டுவிட்டுச் சாகும். இறங்கியதெல்லாம் போய் ஒளிவது சுவர் விரிசலில், கதவு நிலைக்குப் பின்னால், உத்தரமும் சுவரும் சேருகிற இடத்தில். சுவரில் மேலே ஏறுவது அதன் பழக்கம். நம் ஊர் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். வளவில் ஆத்தங்குடிக் கல் வழவழவென்று இருக்கும், அங்கே ஒன்றும் தங்காது, ஆனால் இரண்டாங்கட்டுக்குப் பின்னால் பூச்சு உதிர்ந்த சுவர், மரத்தூணின் வெடிப்பு, பல வருஷம் திறக்காத அறை, முகப்புத் திண்ணையில் தெருநாய் படுத்த மூலை. பெரிய உண்ணி ஒன்றுமே குடிக்காமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வீட்டைத் திறக்கிறார்கள், சென்னையிலிருந்து லேப்ரடாரைக் காரில் கூட்டி வருகிறார்கள், நாலாம் நாள் அதன் காதுக்குள் பார்த்தால் பாசி கோத்த மாதிரி வரிசையாக இருக்கிறது. பிறகு உண்ணி பரப்பும் எர்லிக்கியா காய்ச்சல், ரத்தத் தட்டணுக்கள் குறைந்து, நாலு வாரம் டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து. ஊருக்கு நாயைக் கொண்டுவருகிறவர்கள் வருவதற்கு முன்பே மருந்து கொடுத்துவிட்டு வாருங்கள்.

உங்கள் மாத்திரையின் நிஜ வேலை இங்கேதான் இருக்கிறது. வீட்டில் ஒளிந்திருக்கும் ஒவ்வோர் உண்ணியும் என்றைக்காவது ஒருநாள் அந்த நாயின் மேல் ஏறித்தான் ஆக வேண்டும். அன்றைக்கு நாயின் ரத்தத்தில் மருந்து இருந்தால் அந்த உண்ணி முட்டை போடாமல் சாகிறது. இரண்டு மாதம் கொடுத்துவிட்டு "போயிடுச்சு" என்று நிறுத்தினால், சுவருக்குள் மிச்சம் இருப்பது மறுபடி ஆரம்பிக்கும். தொடர்ந்து பல மாதம் கொடுங்கள், பிராவெக்டோ மாதிரி 12 வாரம் நிற்கும் மாத்திரை என்றால் அந்தக் கணக்கில். கூடவே விரிசல்களைப் பூசி அடையுங்கள். மண்ணெண்ணெய், கற்பூரம் கரைத்த எண்ணெய் எல்லாம் நாய் மேல் தடவுகிறார்கள், இரண்டுமே நக்கினால் கெடுதல். வேப்பெண்ணெய் உண்ணியைக் கொஞ்சம் விரட்டும், அவ்வளவுதான், மாத்திரைக்குப் பதிலாகாது.

பூச்சி மாத்திரை ஏன் தனி என்றால், மேலே சொன்ன உண்ணி மாத்திரை குடற்புழுவைத் தொடாது. சில புதிய மாத்திரைகளில் இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள், உங்கள் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். குடற்புழு மாத்திரைக்குள் பெரும்பாலும் இரண்டு மூன்று மருந்து இருக்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கொல்லும். பைரன்டெல் உருண்டைப்புழுவையும் கொக்கிப்புழுவையும் தசை இறுகிப் பிடித்துக்கொள்ள வைக்கும், பிடி விட்டுப்போய் மலத்தோடு வெளியே வரும், சில சமயம் நெளிந்துகொண்டே. ஃபென்பென்டசோல் புழுவின் செல்லுக்குள் சத்தைக் கொண்டுபோகும் நுண்குழாய்களைக் கட்டவிடாது, பட்டினி போட்டுத்தான் கொல்லும், அதனால் அதை மூன்று நாள் தொடர்ந்து கொடுக்கச் சொல்வார்கள். பிராசிகுவான்டெல் நாடாப்புழுவின் தோலுக்குள் கால்சியத்தை வெள்ளமாகத் திறந்துவிடும், புழு சுருண்டு, தோல் கிழிந்து, கடைசியில் நாயின் குடலே அதைச் செரித்துவிடும்.

பள்ளத்தூரிலிருந்து வரும் ஓர் ஆச்சி, பூனைக்கு மாத்திரை வாங்கிப்போய் மறுநாளே திரும்ப வந்தார்கள்.

"ஏம்ப்பா, ஒரு புழுகூட வரலியே, காலாவதியானதக் குடுத்துட்டியா?"

"இல்ல ஆச்சி, பூனைக்கிட்ட என்ன பார்த்தீங்க?"

"வாலுக்கடியில அரிசி மாதிரி ஒட்டிக்கிட்டு அசையுது."

அது நாடாப்புழுவின் துண்டு. மாத்திரை வேலை செய்தால் உள்ளேயே கரைந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. அட்டையில் இருந்த தேதியையும் காட்டிவிட்டு, பூனைக்குத் தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று கேட்டேன். "அது இல்லாத பூனை ஏது?" என்றார்கள். அந்த நாடாப்புழு தெள்ளுப்பூச்சியின் வயிற்றுக்குள் இருந்துதான் வருகிறது, பூனை உடம்பை நக்கும்போது பூச்சியையும் சேர்த்து விழுங்கும். தெள்ளுக்கு மருந்து போடாமல் நாடாப்புழுவுக்கு மட்டும் கொடுத்தால் சில வாரத்தில் திரும்ப அரிசி தெரியும். இரண்டையும் சேர்த்து வாங்கிப்போனார்கள், விலையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான்.

குட்டிகள் இருந்தால் இன்னும் சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும். தாய் நாயின் தசையில் தூங்கிக்கொண்டிருக்கும் உருண்டைப்புழுக் குஞ்சுகள் சினைக் காலத்தில் விழித்து, பிறக்காத குட்டிக்குள்ளேயே போய்விடும், சாதாரணமாகக் கொடுக்கும் ஒற்றை மாத்திரை அவற்றை அங்கே போய்ப் பிடிக்காது. கொக்கிப்புழு தாய்ப்பாலில் வரும். ஆகவே நாய்க்குட்டிக்கு இரண்டாம் வாரத்திலேயே முதல் மருந்து, பால் மறக்கும்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஆறு மாதம்வரை மாதம் ஒன்று, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று. தாய்க்கும் குட்டிகளோடு சேர்த்துக் கொடுங்கள். பூனைக்குட்டிக்கு மூன்றாம் வாரத்திலிருந்து, அவற்றுக்குப் பாலில்தான் வருகிறது. எடைக்கு ஏற்ற அளவுதான் எல்லாவற்றுக்கும், தராசு இல்லையென்றால் குட்டியைப் பையில் போட்டு மளிகைக் கடைக்கே தூக்கிக்கொண்டு போங்கள், கேட்டால் நிறுத்துத் தருவார்கள்.