முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கும் யானையை நடக்க வைக்கலாமா?

மதுரையில் உங்கள் யானை மூன்று வாரமாக முன்னங்காலைத் தாங்கி நடக்கிறது, தார் ரோட்டில் தினமும் 3 கிலோமீட்டர் நடத்துவதைத் தொடரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நடையை இன்றே நிறுத்துங்கள். அதற்காகக் கொட்டாரத்தில் (யானை கட்டும் கொட்டகையில்) கட்டிப் போடவும் வேண்டாம். மண் தரையில் விடுங்கள், அது இஷ்டத்துக்கு நகரட்டும்.

மூன்று வாரமாகியும் சுளுக்கு என்று எண்ணெய் தடவுகிறீர்கள். எனக்கென்னவோ பாதத்தின் மேல்தான் சந்தேகம். யானையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இறங்கும். கருங்கல் தளத்தில் சிறுநீர் ஈரத்தோடு நாள்கணக்கில் நின்றால் நகம் வெடித்து உள்ளே சீழ் கட்டும். மதுரை வெயிலில் அந்தக் கல் எப்படிக் கொதிக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

விடியுமுன், தளம் குளிர்ந்திருக்கும்போது, பாகனை விட்டே இரண்டு முன்பாதங்களையும் புறங்கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் சூடாக இருக்கிறதா? நகத்தோரம் அழுத்தினால் காலை இழுக்கிறதா? ராத்திரி படுக்கிறதா என்பதையும் கேளுங்கள், அது முக்கியம். எழ முடியாதென்று பயந்து சில யானைகள் படுக்கவே படுக்காது.

பிறகு தண்ணீர்ப் பயிற்சி நல்லது, மூட்டில் பாரம் குறையும். மீனாட்சியம்மன் கோயில் யானை பார்வதிக்குக் கட்டியதுபோல் குளியல் குளம் இருந்தால் வசதி. ஆனால் வீக்கமோ சீழோ இருந்தால், காலை ஊன்றவே மறுத்தால், கால்நடை மருத்துவர் பார்க்கும்வரை எந்தப் பயிற்சியும் கூடாது. மனுஷர் வலி மாத்திரையும் வேண்டாம்.