அறிகுறியே இல்லை, ஊசி எதற்கு?

கேள்வி: நான் 14 வாரக் கர்ப்பிணி. சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான இரத்தப் பரிசோதனையில் வி.டி.ஆர்.எல். 1:16 (16 மடங்கு நீர்த்த இரத்தத்திலும் பாசிட்டிவ்) என்றும், அதை உறுதிசெய்ய அடுத்து எடுத்த டி.பி.எச்.ஏ. பாசிட்டிவ் என்றும் வந்துள்ளன. எனக்கோ கணவருக்கோ எந்தத் தொந்தரவும் இல்லை. சிகிச்சையைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம், இந்த வாரமே தொடங்குங்கள். வி.டி.ஆர்.எல். மட்டும் பாசிட்டிவ் ஆகியிருந்தால், கர்ப்ப காலத்தில் சிலருக்கு அது பொய்யாகவும் வரும் என்று சொல்லியிருப்பேன். இரண்டாவது பரிசோதனையும் உறுதிசெய்திருப்பதால், முன்பே முழுச் சிகிச்சை பெற்றிருந்தால் ஒழிய, இதைச் சிபிலிஸ் என்றே கொள்ள வேண்டும். இந்நோயின் முதல் புண் வலிக்காது, தானே ஆறியும் விடும். அதனால் பலருக்கு அது வந்துபோனதே தெரிவதில்லை. ஆனால் கிருமி உடலில் தங்கி, நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடையக்கூடும். குழந்தை வயிற்றிலேயே இறக்கவும், குறைமாதத்தில் பிறக்கவும், எலும்பு, கல்லீரல், கண், காது, நரம்பு ஆகியவற்றில் பாதிப்புடன் பிறக்கவும் அது காரணமாகலாம்.

பென்சதீன் பென்சிலின் ஊசி தாயோடு கருவையும் சேர்த்தே குணப்படுத்துகிறது. குழந்தைக்கு அதனால் கெடுதல் இல்லை. தொற்று எப்போது வந்தது என்று தெரியாத உங்களுக்கு, வாரம் ஒன்றாக 3 முறை, ஒவ்வொரு முறையும் 24 லட்சம் யூனிட் தேவைப்படும். பால்போல் வெளுத்த அந்தக் கெட்டி மருந்தைப் பாதிப் பாதியாக இரு பிட்டங்களிலும் போடுவார்கள், வலிக்கத்தான் செய்யும். வலிக்குப் பயந்து ஒரு தவணையைத் தள்ளிப்போட்டு, இடைவெளி 9 நாட்களைத் தாண்டிவிட்டால், முதலிலிருந்து மூன்றையும் மறுபடி போட வேண்டியிருக்கும். முதல் ஊசிக்குப் பின் 24 மணி நேரத்துக்குள் காய்ச்சல் வரலாம். வயிறு இறுகி வலித்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். கருவைக் காக்க அதற்கு நம்பகமான மாற்று மருந்து இல்லாததால், மருத்துவமனையில் வைத்து, உடல் ஏற்கும்படி சிறிது சிறிதாகப் பழக்கிய பிறகே ஊசி போடுவார்கள்.

கணவருக்கும் பரிசோதனையும் சிகிச்சையும் கட்டாயம் தேவை. இருவரும் முடிக்கும் வரை உடலுறவைத் தவிர்க்கவும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற விசாரணையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். 28-ஆவது வாரத்திலும் பிரசவத்தின்போதும் வி.டி.ஆர்.எல். மீண்டும் எடுக்க வேண்டும். 1:16 என்பது 1:4 ஆக இறங்கச் சில மாதங்கள் ஆகும். டி.பி.எச்.ஏ. பெரும்பாலும் ஆயுள் முழுதும் பாசிட்டிவ் ஆகவே இருக்கும், அதைக் கண்டு கலங்க வேண்டாம்.

ஊசி போட்ட தேதிகள் எழுதிய சீட்டைப் பத்திரமாக வைத்து, பிரசவத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். பிறந்த குழந்தைக்கு எந்த அளவு பரிசோதனையும் மருந்தும் தேவை என்பதைக் குழந்தை மருத்துவர் தீர்மானிக்கும்போது, கடைசி ஊசிக்கும் பிரசவத்துக்கும் இடையே 4 வாரங்களாவது இருந்தனவா என்று பார்ப்பார்.