ஃபிஜிக்கு எந்த மாசம் போலாம்? அங்க வருஷம் பூரா ஒரே வெயில்தானா?

டிசம்பர் ஸ்கூல் லீவுக்கு சிட்னியிலேர்ந்து குழந்தைங்களோட ஃபிஜி போலாமா, மழை கெடுத்துடுமா, இல்ல பசிபிக் தீவுன்னா எப்பவும் ஒரே மாதிரி வெயில்தானான்னு கேட்டிருக்கீங்க. வேலைக்காக முதல்ல சுவாவிலயும் அப்புறம் லவுடோகாவிலயும் சில வருஷம் இருந்திருக்கேன், அதனால எனக்குத் தெரிஞ்சதை சொல்றேன். மாசத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி நீங்க தங்கப்போற இடம் மலைக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க. டூர் பேக்கேஜ்காரங்க இதை சொல்றதே இல்ல.

ஃபிஜில 300க்கு மேல தீவு இருக்கு, ஆனா ஜனங்கள்ல பெரும்பாலானவங்க இருக்கறது விட்டி லெவுங்கற பெரிய தீவுல. அதுக்கு நடுவுல மலைத்தொடர், உச்சி 1300 மீட்டருக்கு மேல போகுது. வருஷத்துல முக்காவாசி நாள் காத்து தென்கிழக்குலேர்ந்துதான் அடிக்கும், அந்தக் காத்து கடல் ஈரத்தை சுமந்துட்டு வந்து மலையில முட்டி மேல ஏறி கிழக்குப் பக்கத்துலயே கொட்டித் தீத்துடும். மேற்குப் பக்கத்துக்கு மிச்சம்தான். கேரளாவில கொட்டற மழைக்கும் மலை தாண்டி நம்ம திருநெல்வேலிப் பக்கம் வர்ற மழைக்கும் உள்ள வித்தியாசம் மாதிரின்னு வெச்சுக்குங்க. கிழக்குல இருக்கற தலைநகர் சுவாவுக்கு வருஷத்துக்கு சுமார் 3000 மில்லிமீட்டர் மழை, மேற்குல ஏர்போர்ட் இருக்கற நாந்திக்கு 1800லேர்ந்து 1900தான். அதுவும் ஜூலை மாதிரி காஞ்ச மாசத்துல நாந்தில 50 மில்லிமீட்டர் ஒட்டி பெஞ்சா சுவாவில அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல பெய்யும்.

சுவாவிலேர்ந்து நாந்திக்கு குவீன்ஸ் ரோடு வழியா பஸ்ல வந்தீங்கன்னா இதைக் கண்ணாலயே பாக்கலாம், நாவுவா வரைக்கும் ஜன்னல்ல தூறல், ரெண்டு பக்கமும் கரும்பச்சை, வாழையும் சேப்பங்கிழங்கும், மரத்து மேலயெல்லாம் கொடி ஏறி நிக்கும், அப்புறம் சிங்கடோகா நெருங்க நெருங்க வானம் வெளுத்து புல்லு பழுப்பாகி மலையெல்லாம் மொட்டையா கரும்புத் தோட்டம் ஆரம்பிச்சுடும், அதே தீவுதான், நாலு மணி நேரம்தான். சுவாவில துணி காயவே காயாது, பீரோவில வெச்ச லெதர் ஷூ வெள்ளை வெள்ளையா பூத்துப் போயிருக்கும், குடை இல்லாம ஆஃபீஸ் போற பழக்கமே யாருக்கும் கிடையாது. மேற்குல இருக்கற லவுடோகா வந்தப்புறம் காலையில போட்ட துணியை மத்தியானம் மடிச்சு வெச்சேன், அவ்ளோ சந்தோஷம்.

சீசன்னு பாத்தா அங்க ரெண்டுதான். மே முதல் அக்டோபர் வரைக்கும் காஞ்ச, கொஞ்சம் குளிர்ச்சியான காலம், நவம்பர் முதல் ஏப்ரல் வரைக்கும் சூடும் மழையும். பூமத்திய ரேகைக்குத் தெக்க இருக்கறதால தமிழ்நாட்டுக்குத் தலைகீழ், ஜூலைதான் அங்க குளிர். குளிர்னா பயப்பட வேண்டாம், நாந்தில ராத்திரி 18 டிகிரி வாக்குல வரும், பகல்ல 28 ஒட்டி இருக்கும். பிப்ரவரில பகல் 31, 32தான், நம்பர் சென்னைக்காரங்களுக்கு சாதாரணமாத் தெரியும், ஆனா அந்த ஈரப்பதம் இருக்கே, ஃபேன் காத்து கூட உடம்புல ஒட்டிக்கும்.

கரும்பு விவசாயமே இந்த ரெண்டு சீசனை நம்பித்தான் ஓடுது. மழைக்காலத்துல கரும்பு வளரும், காஞ்சு குளிர்ந்த மாசங்கள்ல சர்க்கரை ஏறும், ஜூன் வாக்குல மில் ஆரம்பிச்சு வருஷக் கடைசி வரைக்கும் ஓடும். அந்த மாசங்கள்ல லவுடோகாவில மில் வாசல்ல கரும்பு லாரி வரிசை கட்டி நிக்கும், சின்ன ரயில் ஒண்ணு கரும்பு ஏத்திட்டு ரோட்டைக் குறுக்க கடந்து போகும், வெட்டறதுக்கு முன்னாடி தோட்டத்தைக் கொளுத்தினா கரி வந்து கொடித்துணி மேல விழும். கரும்பு இந்த மேற்குப் பக்கமும் ரெண்டாவது பெரிய தீவான வனுவா லெவுல லம்பாசா பக்கமும்தான் இருக்கு, சுவாவில கிடையாது, காரணம் அதே மழைதான். 1903லேர்ந்து மெட்ராஸ் வழியா ஒப்பந்தக் கூலியா போன நம்ம ஜனங்களோட வாரிசுகள் நிறைய பேர் இன்னும் இந்த வெயில் பக்கத்துல இருக்கறதுக்கும் இந்தக் கரும்புதான் காரணம்.

இப்போ புயல். நவம்பர் முதல் ஏப்ரல் வரைக்கும் புயல் சீசன், சராசரியா ஒரு சீசனுக்கு ஒண்ணு ரெண்டு ஃபிஜி பக்கம் வரும், ஜனவரி பிப்ரவரிதான் உச்சம். தெற்கு பசிபிக்ல பெரும்பகுதிக்கு புயலுக்குப் பேர் வெச்சு எச்சரிக்கை குடுக்கறதே நாந்தில இருக்கற வானிலை மையம்தான். 2016 பிப்ரவரி 20ல அடிச்ச வின்ஸ்டன் பத்தி அங்க யாரைக் கேட்டாலும் மணிக்கணக்கா சொல்வாங்க. வழக்கமா புயல் வடமேற்குலேர்ந்து வரும், இது டோங்கா வரைக்கும் போயிட்டு திரும்பி கிழக்குலேர்ந்து வந்துச்சு, காத்து மணிக்கு 280 கிலோமீட்டர், 44 பேர் செத்துட்டாங்க, கோரோ தீவு உருக்குலைஞ்சு போச்சு, ரக்கிரக்கில இருந்த சர்க்கரை மில் அதோட மூடினதுதான் திரும்பத் திறக்கவே இல்ல.

லவுடோகாவில பக்கத்து வீட்டு ஆஜி (அங்க பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவாங்க) ரேடியோவில புயல் சின்னம்னு சொன்ன உடனே வேலையை ஆரம்பிச்சுடுவாங்க. ஜன்னலுக்கு அளவா அறுத்து நம்பர் போட்டு வெச்ச பிளைவுட் பலகைங்க, அதை ஒவ்வொண்ணா பையன் ஆணி அடிப்பான், அண்டா குண்டா எல்லாத்துலயும் தண்ணி, தகரக் கூரை மேல கட்டறதுக்கு கயிறு. ஈரப்பலா ஒரே காம்புல கொத்துக் கொத்தா காய்ச்சா அந்த வருஷம் புயல் வரும்னு அவங்க நம்பறாங்க, குளவி தரைக்குப் பக்கத்துல கூடு கட்டினாலும் அப்படித்தான்னு ஃபிஜிக்காரங்க சொல்வாங்க. பாதுகாப்பா இருக்க ரேடியோவைக் கேளுங்க, ஆனா தலைமுறை தலைமுறையா மரத்தையும் பூச்சியையும் கவனிச்சு சேத்து வெச்ச அந்த அறிவு மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு.

எல்லா வருஷமும் ஒரே மாதிரி இருக்காது, அதையும் பாத்துக்குங்க. பசிபிக் கடல் தண்ணி வழக்கத்தைவிட சூடாகற எல் நினோ வருஷம்னா மழை மேகக் கூட்டம் வடகிழக்கா நகந்துடும், ஃபிஜி காயும், 1997-98ல வந்த வறட்சியில கரும்பு பெரிய அளவுல போச்சு. அதே தண்ணி வழக்கத்தைவிட குளிர்ற லா நினா வருஷம்னா அதுக்கு நேர் எதிர், வெள்ளம். 2012ல ஜனவரியில ஒருதரம் மார்ச் கடைசியில ஒருதரம் நாந்தி டவுன் முழுகிச்சு, ஆத்தங்கரையில தாழ்வான ஊரு, கடல் ஏத்தமும் சேந்துட்டா தண்ணி வடிய வழியே இல்ல. கடல் மட்டம் உயர்றதும் சும்மா பேச்சு இல்ல, வனுவா லெவுல வுனிதோகோலோவாங்கற கிராமத்தையே 2014ல மேட்டு நிலத்துக்கு மாத்திட்டாங்க. கார்பன் புகையில அவங்க பங்கு ஒண்ணுமே இல்ல, ஆனா மூதாதையரைப் புதைச்ச மண்ணை விட்டுக் கிளம்பினது அவங்க. இதை நினைச்சா எனக்குக் கோபம்தான் வருது.

உங்க விஷயத்துக்கு வரேன். தேதியை மாத்த முடியும்னா ஜூன் முதல் செப்டம்பர்தான் பெஸ்ட், ஜூலையில மட்டும் உங்க ஊர், நியூசிலாந்து ஸ்கூல் லீவு வர்றதால ரேட் ஏறும். டிசம்பர்தான் முடியும்னா தாராளமா போங்க, ஆனா மேற்குப் பக்கமே தங்குங்க, நாந்தி, லவுடோகா, இல்ல மாமனுதா, யசாவா தீவுகள். பெரும்பாலும் காலையில வெயில் நல்லா இருக்கும், மத்தியானத்துக்கு மேல மலைப்பக்கம் மேகம் ஏறி இடியோட கொட்டிட்டுப் போயிடும், அதனால கடல், படகு எல்லாத்தையும் காலையிலயே முடிச்சுக்குங்க. இன்ஷூரன்ஸ்ல புயலுக்கு கவர் இருக்கான்னு பாத்து, புயலுக்குப் பேர் வைக்கறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க, பேர் வெச்சப்புறம் எடுத்தா அந்தப் புயலுக்கு பொதுவா பணம் தர மாட்டாங்க. நாந்தி சிவ சுப்ரமணிய சுவாமி கோவில் தைப்பூசத்துக்காக ஜனவரி கடைசி இல்ல பிப்ரவரி வரைக்கும் தங்கறதா இருந்தா திரும்பற டிக்கெட்டை ரெண்டு மூணு நாள் தள்ளிப் போடுங்க, அந்த சமயம் ஆறு பொங்கி ரோடு மூடினா ஏர்போர்ட் பக்கத்துலயே இருந்தாலும் போக முடியாது.